கல்யாணமா, தனிக்கட்டையா: டோக்கன் வரும்வரை கேட்ட கேள்விகள்

பாலக்கோட்டில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் பக்கத்து வரிசையில் எனக்கும் ஒரு மேசை உண்டு. பத்திரம் எழுதுவது தொழில். 26 வருடமாகிறது. வயது 51, கல்யாணம் ஆகவில்லை. பத்திரத்துக்கு வருகிறவர்கள் டோக்கன் நம்பர் வரும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். சொத்துப் பேச்சு முடிந்ததும் பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பும். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தால் அது இந்தக் கேள்விகளில் ஒன்றாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். சட்டம் வருகிற இடத்தில் சட்டத்தைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

நீங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கல?

செவ்வாய் தோஷம் என்று சொல்லிவிடுவேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

உண்மை அவ்வளவு சுவையானதல்ல. அப்பா போனபோது எனக்கு 24. தங்கையின் கல்யாணம், அந்தக் கடன், அம்மாவின் முழங்கால் என்று வருடங்கள் போயின. 29-ல் காரிமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. "வேலையை விட்டுடணும்" என்றார்கள். விடவில்லை. அதன்பின் வந்தவை குறைந்தன. 38 வயதில் ஒரு நாள் தரகர் போன் செய்தபோது, "இனிமே பார்க்க வேண்டாம்ணா" என்றேன். அதுவரை நடந்தது தள்ளிப்போனது. அன்று சொன்னதுதான் முடிவு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை எனக்கு முன்னால் உட்காருகிறவர்களிடம் முதலில் சொல்வேன். தள்ளிப்போன வாழ்க்கையை வாழ்கிறவர்கள் எதையும் ஏற்பாடு செய்துகொள்வதில்லை, நாளைக்கு யாரோ வரப்போகிற மாதிரியே இருப்பார்கள்.

எனக்கு 26. போச்சம்பள்ளி பக்கம் ஃபேக்டரியில வேலை. தையில முடிச்சே ஆகணும்னு வீட்ல நிக்கிறாங்க. எப்படித் தள்ளிப்போடறது?

இந்தக் கேள்வி பத்து வருடம் முன்பு இவ்வளவு வந்ததில்லை. ஓசூர் சிப்காட், போச்சம்பள்ளி ஸ்கூட்டர் தொழிற்சாலை, கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகம் செய்கிற இடம் என்று பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, சம்பளம் கையில் வந்தது. சம்பளத்தோடு இந்தக் கேள்வியும் வந்தது.

"வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதே பாப்பா. வீட்டில் அது "யாரையோ வச்சிருக்கா" என்றுதான் காதில் விழும். தேதி சொல்லு. "நகைக் கடன் முடியற வரைக்கும், அடுத்த ஆவணி வரைக்கும்" என்றால் அப்பாவுக்கு அண்ணன் தம்பிகளிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். அவருக்கு உன்னைவிட ஊர்ப் பேச்சுதான் பாரம். அந்தப் பாரத்தைத் தூக்க அவருக்கு ஒரு வாக்கியம் கொடு.

ஆனால் அந்த ஆவணிக்குள் நீயும் ஒரு வேலை செய்ய வேண்டும். எதைக் கண்டு பயம் என்று பார். கல்யாணம் என்றாலே பயமா, காட்டுகிற பையன் பிடிக்கவில்லையா, போகப்போகிற வீடு பிடிக்கவில்லையா? என்னிடம் "எனக்குக் கல்யாணமே வேணாம்" என்ற பெண்களில் பலர், கொஞ்சம் பேசினால் "மாமியார் வீட்ல வேலைக்கு விடமாட்டாங்க" என்பதில்தான் வந்து நிற்கிறார்கள். அது கல்யாணத்தின் மீதான வெறுப்பல்ல. பெண் பார்க்க வரும்போதே கேட்கக்கூடிய கேள்வி. சிரமமான கேள்விதான், ஆனால் காப்பித் தட்டை நீட்டும்போது கேட்பது, வளைகாப்பில் அழுவதைவிட எளிது.

தாய்மாமனுக்குக் கொடுக்கிறோம் என்றால் இன்னும் ஒரு சிக்கல். மறுத்தால் ஒரு வரன் மட்டும் போகாது, அம்மாவின் பிறந்த வீடே போய்விடும். அப்போது மறுப்பை நீ சொல்லாமல் அம்மா சொல்லும்படி செய். தம்பியிடம் அக்கா பேசினால் ஒரு வருடத்தில் ஆறிவிடும்.

தோழிக்கு 17 வயசு. நிச்சயம் பண்ணிட்டாங்க.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2006-ஆம் வருடச் சட்டப்படி பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. 1098-க்குப் போன் செய். குழந்தைகளுக்கான உதவி எண். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இது இன்னும் நடக்கிறது என்பது வெட்கக்கேடு.

34 வயசு. நாலு ஏக்கர், போர் இருக்கு, தக்காளி போடறேன். பொண்ணு கிடைக்கல. தனியாவே இருந்துடலாமாக்கா?

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிலோ 3 ரூபாய்க்கு இறங்குகிற வாரம் இரண்டு பேர்.

முதலில் ஒன்று. உன் ஜாதகத்தில் கோளாறு இல்லை தம்பி. நீ பிறந்த காலத்தில் இந்தப் பக்கம் பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்தார்கள். அரசாங்கம் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஸ்கேன். கருவிலேயே பார்த்துச் சொல்வது 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இன்னும் எங்காவது ஒரு கும்பல் பிடிபட்டதாகப் பேப்பரில் வருகிறது. அன்று பிறக்க விடாத பெண்களைத்தான் இன்று தரகரிடம் தேடுகிறோம். இருக்கிற பெண்கள் படித்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அவர்கள் பேரில் கோபப்பட உனக்கு நியாயம் இல்லை.

இரண்டாவது, "தனியாவே இருந்துடலாமா" என்று நீ கேட்பது அலுப்பில். தேடித் தேடிச் சலித்தவன் எடுப்பது முடிவாகாது. தேடுகிற வட்டத்தைப் பார். உன் சாதிக்குள், உன் கோத்திரம் தவிர்த்து, ஜாதகம் பொருந்தி, முதல் கல்யாணமாக, 28-க்குள் என்று ஐந்து வேலி போட்டுக்கொண்டு பெண் கிடைக்கவில்லை என்றால் நான் என்ன சொல்வது? கணவனை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள் எத்தனை பேர் இதே மேசைக்கு வந்து போகிறார்கள் தெரியுமா? "ரெண்டாந்தாரமா?" என்று உன் அம்மா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

தூரத்து மாநிலத்தில் பெண் இருக்கிறது, பணம் கொடு என்று தரகர் சொன்னால் ஒரு ரூபாய் நீட்டாதே. பெண் வாயால், அவளுக்குப் புரிகிற மொழியில், சம்மதம் கேட்காமல் நடக்கிற எதுவும் கல்யாணம் இல்லை. அதற்குப் போலீஸ் வேறு பெயர் வைத்திருக்கிறது.

மூன்றாவது, "அம்மாவுக்கு வயசாச்சு, சமைக்க ஆள் வேணும்" என்று சொல்லிக்கொண்டு வராதே. களி கிண்டக் கற்றுக்கொள். உன் கையால் உருண்டை பிடிக்கத் தெரிந்த பிறகு ஒருத்தி வேண்டும் என்று தோன்றினால், அதுதான் துணை வேண்டும் என்ற எண்ணம்.

தனியா இருந்தா வயசான காலத்துல யார் பார்ப்பா?

எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

பிள்ளை பார்க்கும் என்ற நம்பிக்கையில் சொத்தை உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டே வருடத்தில் "ரத்து பண்ண முடியுமாம்மா?" என்று அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்த அப்பா அம்மாக்களை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. செட்டில்மெண்ட் எழுதினால் எழுதினதுதான், நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்க்காவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு நிற்கும். 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் வலியுறுத்தியது. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னால், "பையன் மனசு கஷ்டப்படும்" என்பார்கள். ஒரு வரி எழுதினால் கஷ்டப்படுகிற மனசை நம்பித்தான் வீட்டைக் கொடுக்கிறார்கள்.

ஆகவே கல்யாணம் செய்தவருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் "யாருக்கும் உத்தரவாதம் இல்லை, நான் தனியாகவே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகவும் முடியாது. கல்யாணம் செய்தவருக்கு ஆஸ்பத்திரியில் கூட நிற்க ஆள், போனில் முதல் நம்பர், வீட்டுச் சாவியின் இன்னொரு பிரதி எல்லாம் கேட்காமலே அமைந்துவிடுகின்றன. தனிக்கட்டை ஒவ்வொன்றையும் உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். இதை நான் காய்ச்சலில் கற்றுக்கொண்டேன்.

அம்மா போன அடுத்த வருடம். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் எழ முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டெங்கு, அட்மிஷன் போட வேண்டும் என்றார்கள். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள் அந்த நர்ஸ் பெண். யாரும் இல்லை என்றேன். "அட்டெண்டர் இல்லாம எப்படிம்மா?" என்று பேனாவை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. அங்கே மருந்து வாங்க, ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க, கஞ்சி வாங்க, எல்லாவற்றுக்கும் ஒரு கால் வேண்டும். தங்கை ஓசூரிலிருந்து வர மூன்று மணி நேரம். அதுவரை என்னோடு இருந்தது, என் மேசைக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா. கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். உறவு என்று எழுதும் இடத்தில் "சகோதரி" என்று அவராகவே சொன்னார். நான் 26 வருடமாகப் பத்திரத்தில் உறவுமுறை எழுதுகிறவள். ஒரு பொய்யான உறவுமுறையைக் கேட்டு அழுதது அன்றுதான்.

திரும்பி வந்ததும் செய்தது: இன்னொரு சாவி டீக்கடையில். காலை ஏழு மணிக்கு நான் "எழுந்தாச்சு" என்று ஒரு மெசேஜ் போடுவேன். எட்டு மணிக்குள் வராவிட்டால் அவர் வந்து கதவைத் திறப்பார். ரத்த வகை, மாத்திரைப் பட்டியல், இன்ஷூரன்ஸ் அட்டை ஒரே பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில். நினைவில்லாமல் கிடந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யாரைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. 2023-ல் அதை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. அதையும் எழுதினேன். தங்கை பெயரையும் டீக்கடை அக்கா பெயரையும் போட்டேன். அக்காவுக்கு ஒரே பெருமை.

பிள்ளையில்லாத மூத்தவருக்கு அந்த 2007 சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. அவர் சொத்தை அனுபவிக்கிற, அல்லது அவருக்குப் பின் அடையப்போகிற உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். சொத்தும் இல்லை, ஆளும் இல்லை என்றால், 50 வயதைத் தாண்டிய கல்யாணமாகாத ஏழைப் பெண்களுக்கு அரசின் மாதாந்திர உதவித்தொகை இருக்கிறது. தாலுகா ஆபீசில் விண்ணப்பம்.

கல்யாணம் வேணாம், ஆனா ஒருத்தரோட சேர்ந்து இருக்கணும். சட்டம் ஒத்துக்குமா?

வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடி உதை என்றால், 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் "திருமணத்தை ஒத்த உறவில்" இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். அதை முதலிலேயே விசாரித்துக்கொள்.

சட்டம் தராதது வாரிசுரிமை. இருபது வருடம் சேர்ந்து இருந்திருப்பீர்கள், அவர் போன மறுநாள் அவருடைய அண்ணன் வந்து வீட்டைப் பூட்டலாம். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பது உங்கள் விருப்பம், உயில் எழுதாமல் இருப்பது முட்டாள்தனம். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதலாம் என்றால், குடும்பத்தாருக்கு எழுதும்போது முத்திரைத் தீர்வையில் கிடைக்கிற சலுகை துணைக்குக் கிடைக்காது.

ஓசூரில் ஆண் பெண் சேர்ந்து வாடகைக்கு வீடு கேட்டால் என்ன நடக்கும் என்பது வேறு கதை. சட்டம் விட்டாலும் ஹவுஸ் ஓனர் விடமாட்டார்.

ஒரே பாலினத்து இருவர் என்றால், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தரவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு, ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. இப்படி இரண்டு பெண்கள் ஒருமுறை வந்தார்கள். "ஃபிரெண்ட்ஸ்" என்றார்கள். இரண்டு உயில் எழுதிக் கொடுத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை.

வேற சாதி. கட்டிக்கணும்னா எங்க போறது?

2012 நவம்பரில் ஒரு சாதி மாறிய கல்யாணத்துக்காக நத்தம் காலனியில் தலித் வீடுகளை எரித்தது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் தைரியம் என்று வசனம் பேச மாட்டேன், வழியைச் சொல்கிறேன். 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஊரில் தெரிந்துவிடும். இருவரும் இந்துக்கள் என்றால் 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் இருக்கிறது. நண்பர்கள் முன் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டியதில்லை என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 90 நாளுக்குள் பதிய வேண்டும். மிரட்டல் இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே எஸ்.பி. ஆபீசில் எழுத்தில் கொடுங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைக்கச் சொல்லியிருக்கிறது.

கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பா சொத்துல பங்கு உண்டா?

உண்டு, அண்ணனுக்கு எவ்வளவோ அவ்வளவு. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகளுக்கும். 2020-ல், அந்த 2005 திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனாலும் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அண்ணன்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவது நிற்கவில்லை. "அவ ஒருத்திதானேக்கா, அவளுக்கு எதுக்கு நிலம்? எங்க கூடத்தானே இருக்கப்போறா." நான் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "படிச்சியா?" என்று கேட்பேன். இதனால் எனக்கு இரண்டு மூன்று கட்சிக்காரர்கள் போயிருக்கிறார்கள். நிலம் வேண்டாம் என்றால் சரி, அந்த வீட்டில் ஓர் அறையில் ஆயுள் முழுக்க இருக்கிற உரிமையையாவது எழுத்தில் வாங்கு. அண்ணி நல்லவர்தான். அண்ணிக்குப் பின் மருமகள் வருவாள்.

நான் செத்தா என் சொத்து?

உயில் எழுதாவிட்டால், கல்யாணமாகாத இந்துப் பெண்ணுக்கு: முதலில் அம்மா அப்பா, அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகள், அதாவது கூடப்பிறந்தவர்கள். ஆணுக்கு முதலில் அம்மா. அம்மா இருக்கும்வரை அப்பாவுக்குப் பங்கில்லை. இதைச் சொன்னால் பல அப்பாக்களுக்கு முகம் மாறும்.

பேங்கில் நாமினி போட்டாச்சு, போதும் என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சி. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். எனக்கு வருமானம் என்பதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

குழந்தை ஆசை இருக்கு. தனியா வளர்க்கலாமா?

தனிப் பெண் ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தர மாட்டார்கள். செயற்கைக் கருத்தரிப்பு 21 முதல் 50 வயது வரை தனிப் பெண்ணுக்கு உண்டு. வாடகைத்தாய் கல்யாணமே ஆகாதவருக்கு இல்லை.

மொய் வச்சது எல்லாம் திரும்ப எப்படி வரும்?

சிரித்துக்கொண்டு கேட்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் இது பெரிய கணக்கு. 101 ரூபாயில் தொடங்கி இப்போது 1,001 வரை, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகாதவளுக்குக் காதுகுத்து இல்லை, மஞ்சள்நீர் இல்லை, சீர் இல்லை, திரும்பி வரும் வாசலே இல்லை. அதனால் வீடு கட்டியபோது பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, வாசலில் மொய் நோட்டோடு ஆளை உட்கார வைத்தேன். "புதுமனைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார்கள் சிலர். பாதி வந்தது. மீதி என் சாவுக்கு மாலையாக வரும்.

நம்ம ஊர் அவ்வை மாதிரி நீங்க, அப்படித்தானே?

அதியமான்கோட்டையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் கேட்டது. அவ்வை தனியாள்தான். ஆனால் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவளுக்குக் கொடுக்க தகடூரில் ஒரு அதியமான் இருந்தான். எனக்கு டீக்கடை அக்கா. வடையும் டீயும்.

இப்ப யாராவது கேட்டா கட்டிக்குவீங்களா?

கேட்டிருக்கிறார். மனைவி போய் ஆறு வருடமான ஒருவர், பாகப்பிரிவினைக்கு வந்த இடத்தில். வயது 58. செவ்வாய்க்கிழமைகளில் வேலை இல்லாமலும் வருகிறார். பென்னாகரம் பக்கம் வீடு, களி தானே கிண்டுகிறார், விசாரித்துவிட்டேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். நான் மனைவி ஆனால் அவர் சொத்தில் அவர்களோடு சமமாக எனக்கும் ஒரு பங்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் இந்த ஒரு பங்குக்காக நல்லவர்கள் என்னவாகிறார்கள் என்பதை 26 வருடமாகப் பார்க்கிறேன். "உங்க பேர்ல இருக்கறதை முதல்ல பிள்ளைங்களுக்கு எழுதி முடிங்க, உங்களைப் பார்த்துக்கணும்னு நிபந்தனையோட. அப்புறம் பேசலாம்" என்றேன். மறு செவ்வாயே நகல்களோடு வந்துவிட்டார். வரைவு என் மேசையில்தான் இருக்கிறது. எழுத்துக்கூலி வாங்குவதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.